10-1 தோல்வியும் இவர்தான், ஆசிய தங்கமும் இவர்தான்: கோச் ரஹீமை எப்படி மதிப்பிடுவது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம்னு தோல் தொழில் நடக்குற ஊர்கள்ல எந்த டீக்கடையில கால்பந்து பேச்சு எடுத்தாலும் ஒரு கேள்வியில வந்து நிக்கும்: யார் பெஸ்ட் கோச்? ஒருத்தர் கோப்பைகளை எண்ணுவார். இன்னொருத்தர், பணக்கார டீம் கையில இருந்தா யார் வேணா ஜெயிக்கலாமேன்னு மடக்குவார். அமெரிக்காவில் கல்லூரி அணிகளின் கோச்சுகளை வரிசைப்படுத்தி வருஷம் முழுக்க ரசிகர்கள் சண்டை போடுவதும் இதே கேள்வியை வெச்சுத்தான்.

இந்தச் சண்டையைத் தீர்க்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. நம்ம நாட்டிலேயே ஒருத்தர் இருக்கிறார். அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். இந்தியா கால்பந்தில் வாங்கிய மிகக் கேவலமான தோல்விகளில் ஒன்றின்போது அணியின் கோச் அவர். இந்தியா கால்பந்தில் வென்ற இரண்டு ஆசிய தங்கங்களின்போதும் கோச் அவரேதான். 2024-ல் அஜய் தேவ்கன் நடித்த 'மைதான்' இந்திப் படம் இவரைப் பற்றியதுதான். படம் பார்க்காதவங்களுக்காக அவரோட உண்மைக் கதையும், அவரை எந்தத் தராசில் வைக்கணும் என்ற கேள்வியும் இங்கே.

யார் இந்த ரஹீம்?

1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தவர். அப்போது அது நிஜாம் ஆட்சி. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே கால்பந்தும் ஆடினார். தொழில்? பள்ளிக்கூட வாத்தியார். பல பள்ளிகளில் பாடம் நடத்தியவர், பிறகு உடற்கல்வியில் டிப்ளமோ முடித்து விளையாட்டுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார்.

1940-களில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். 1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்கும் இந்திய அணிக்கும் பயிற்சியாளர். அந்த போலீஸ் அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை ஜெயித்தது. கல்கத்தாதான் இந்தியக் கால்பந்தின் தலைநகர்னு எல்லாரும் நம்பிய காலத்தில் நடந்த விஷயம் இது.

ரஹீமின் வழி வாத்தியார் வழி. டிரிபிளிங் செய்யவே கூடாது, பந்தை உடனே பாஸ் பண்ணணும் என்ற விதியோடு தனிப் போட்டிகள் நடத்தினார். பழக்கமில்லாத காலால் மட்டும் ஆடணும் என்ற விதியோடும் நடத்தினார். வலது கால் ஆட்டக்காரன் இடது காலை நம்ப ஆரம்பிப்பது அப்படித்தான். இதுக்குப் பெரிய செலவு எதுவும் கிடையாது. ஒரு மைதானம், ஒரு பந்து, சொன்னதைக் கேட்கும் பசங்க இருந்தா போதும்.

துளசிதாஸ் பலராம் கதையும் இதோடு சேர்ந்ததுதான். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஏழைப் பையன். நல்லா ஆடுவான், ஆனா பயிற்சிக்கு வந்து போகக் காசு இல்லை. வாடகை சைக்கிளுக்குக் காசு கொடுத்து ரஹீம் அவரை வரவழைத்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்தப் பலராம்தான் பின்னாளில் ஒலிம்பிக்கில் கோல் அடித்தார், அர்ஜுனா விருதும் வாங்கினார்.

முதல் தங்கம், அடுத்த வருஷமே அடி

1951-ல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. கால்பந்தில் மொத்தம் 6 அணிகள். சைலன் மன்னா தலைமையில் இந்தியா ஃபைனலில் ஈரானை 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர் சாஹு மேவாலால். ரஹீமுக்கு முதல் தங்கம்.

அடுத்த வருஷம் 1952. ஹெல்சிங்கி ஒலிம்பிக். முதல் ஆட்டத்திலேயே யூகோஸ்லாவியாவிடம் 1-10. ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்டி ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

அந்த அணியில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அப்போ இங்கே அது சாதாரணம். சின்ன வயசிலிருந்தே அப்படி ஆடிப் பழகியவர்களுக்கு பந்து காலில் ஒட்டுவதே அப்படித்தான். அந்தக் காலத்து பூட்ஸ் கனமான தோலில் செய்தது, அடியில் ஸ்டட் வைத்து ஆணி அடித்திருப்பார்கள். அதைப் போட்டு ஓடுவதே தனிப் பயிற்சி. ஆனால் குளிர்ந்த, ஈரமான ஐரோப்பிய மைதானத்தில் வெறுங்கால் வழுக்கும். எதிரே ஆடுபவர் காலில் பூட்ஸ் இருக்கும்போது பந்துக்குக் காலை நீட்டவே யோசிக்க வேண்டியிருக்கும்.

இந்தத் தோல்விக்குப் பிறகுதான் இந்தியக் கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. இன்னைக்கு உலகத்துக்கே தோல் ஷூ அனுப்பும் ஆம்பூர்க்காரங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கலாம். 1952 வரை நம்ம தேசிய அணிக்கு பூட்ஸ் கட்டாயம் இல்லை!

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றதே யூகோஸ்லாவியாதான். இதைச் சேர்த்துப் பார்த்தாலும் 10 கோல் 10 கோல்தான். இன்றைய சோஷியல் மீடியாவாக இருந்திருந்தால் அன்று ராத்திரியே கோச்சை மாத்துன்னு ஹேஷ்டேக் போயிருக்கும். ரஹீமை அனுப்பவில்லை. அதனால்தான் அடுத்த அத்தியாயமே எழுதப்பட்டது.

மெல்போர்ன் 1956: திறமையா, அதிர்ஷ்டமா?

ரசிகர்கள் அதிகம் மோதிக்கொள்ளும் இடம் இதுதான். 1956 ஒலிம்பிக்கில் இந்தியா அரையிறுதி வரை போய் நாலாவது இடம் பிடித்தது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா.

எதிர்த்தரப்பு வாதமும் உண்மைதான். முதல் சுற்றில் இந்தியாவுடன் ஆட வேண்டிய ஹங்கேரி வரவே இல்லை. வாக்ஓவர். ஆக, அரையிறுதிக்குப் போக ஜெயிக்க வேண்டியிருந்தது ஒரே ஆட்டம். ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றார்கள். நெவில் டிசோசா ஹாட்ரிக்.

அரையிறுதியில் மறுபடியும் யூகோஸ்லாவியா. 4 வருஷத்துக்கு முன் 10 கோல் போட்ட அதே நாடு. இடைவேளைக்குப் பிறகு முதல் கோல் அடித்தது இந்தியா! அடித்தவர் டிசோசா. சில நிமிஷங்களுக்கு இந்தியா ஒலிம்பிக் ஃபைனல் வாசலில் நின்றது. பிறகு யூகோஸ்லாவியா 4 கோல் போட்டு 4-1 என்று முடித்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3.

வாக்ஓவர் அதிர்ஷ்டம், சரி. ஆனால் 1-10 எப்படி 4 வருஷத்தில் 1-4 ஆனது? அதுவும் முன்னிலை எடுத்த பிறகு வந்த 1-4. அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத முடியாது. சென்டர் ஃபார்வர்டைக் கொஞ்சம் பின்னால் இறக்கி ஆடவைக்கும் ஹங்கேரி பாணியை ரஹீம் கவனித்துத் தன் அணிக்குக் கொண்டுவந்திருந்தார். பசங்க காலில் பூட்ஸ் இருந்தது. தலையில் திட்டமும் இருந்தது.

ரோம் 1960: தோற்றும் பேர் வாங்கிய அணி

ரோமில் இந்தியாவுக்குக் கிடைத்த குரூப்பில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஹங்கேரியிடம் 1-2. பிரான்ஸுடன் 1-1. அதிலும் பி.கே.பானர்ஜி கோலில் இந்தியாதான் முன்னிலையில் இருந்தது, கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் சமன் செய்தது. பெருவிடம் 1-3. குரூப்பில் கடைசி இடம்.

டேபிளை மட்டும் பார்த்தால் தோல்வி. ஆனால் ஹங்கேரி அந்த முறை வெண்கலம் வென்ற அணி. அதற்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்கு இன்றுவரை தகுதி பெறவே இல்லை.

ஜகார்த்தா 1962: கடைசிப் பாடம்

ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். அந்த உடம்போடு ஆசிய விளையாட்டுக்கு அணியைக் கூட்டிக்கொண்டு போனார். முதல் ஆட்டமே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி.

அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதி.

இங்கேதான் ரஹீம் ஒரு பெரிய ரிஸ்க் எடுத்தார். தலையில் கட்டோடு இருந்த ஜர்னைலை, அதுவும் டிஃபெண்டரை, சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் அடித்தார். இந்தியா 3-2.

1962 செப்டம்பர் 4, ஃபைனல். முதல் ஆட்டத்தில் தோற்கடித்த அதே தென் கொரியா. மைதானம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். காரணம், இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அழைக்காததை இந்திய நிர்வாகி ஜி.டி.சோந்தி விமர்சித்திருந்தார். அந்தக் கோபம் ஆட்டக்காரர்கள் மேல் இறங்கியது. ஆனாலும் முதல் 20 நிமிஷத்துக்குள் பி.கே.பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. கோல் போஸ்ட்டில் நெடிய பீட்டர் தங்கராஜ். கொரியாவால் கடைசியில் ஒரு கோல்தான் திருப்ப முடிந்தது. 2-1. தங்கம்.

ஃபைனலுக்கு முன் ரஹீம் தன் பசங்களிடம் இந்தத் தங்கத்தைத் தனக்குப் பரிசாகக் கேட்டார் என்று அந்த அணியினர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 9 மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் காலமானார். வயது 53.

எண்கள் என்ன சொல்லுது?

இப்போ கணக்கைப் பார்ப்போம்.

- ஒலிம்பிக் (1952, 1956, 1960): ஆடியது 7. வெற்றி 1, டிரா 1, தோல்வி 5.
- தங்கம் வென்ற ஆசியப் போட்டிகள் (1951, 1962): ஆடியது 8. வெற்றி 7, தோல்வி 1.

முதல் வரியை மட்டும் காட்டினால் ரஹீம் சாதாரண கோச். இரண்டாவது வரியை மட்டும் காட்டினால் ஆசியாவின் ராஜா. ஒரே ஆள்தான்! வெற்றி சதவீதத்தை வைத்து மட்டும் கோச்சை வரிசைப்படுத்துவதில் உள்ள சிக்கல் இதுதான். யாரோடு ஆடினார், கையில் என்ன இருந்தது என்பதை அந்த எண் சொல்லாது.

ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை தெரிந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். எத்தனை ஜோடி வெட்டினார் என்பதை மட்டும் வைத்து யாரும் கைவேலையை எடை போட மாட்டாங்க. அவருக்கு வந்த தோல் எப்படின்னு முதலில் கேட்பாங்க. தழும்பும் ஓட்டையும் உள்ள தோலில், கெட்ட இடத்தை ஒதுக்கி, கழிவு குறைத்து நல்ல துண்டுகளை எடுப்பவர்தான் கைதேர்ந்தவர். ரஹீமுக்குக் கிடைத்தது பூட்ஸ் பழகாத அணி. அதில் அவர் எடுத்தது ஒலிம்பிக் அரையிறுதி.

அவருக்குப் பிறகு?

கோச்சை மதிப்பிட இன்னொரு அளவுகோல், அவர் போன பிறகு என்ன ஆச்சு என்பது. இங்கேயும் இரண்டு பக்கம் உண்டு.

1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது. சுனி கோஸ்வாமி உட்பட ரஹீமிடம் ஆடியவர்கள் அந்த அணியில் இருந்தார்கள். 1970 ஆசியப் போட்டியில் வெண்கலம். பி.கே.பானர்ஜி நாட்டின் முக்கியமான கோச்சுகளில் ஒருவர் ஆனார். ரஹீமின் மகன் எஸ்.எஸ்.ஹக்கீமும் ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்து, பிறகு கோச்சாகவும் சர்வதேச நடுவராகவும் பணியாற்றினார்.

ஆனால் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் 1970-க்குப் பிறகு இந்தியாவுக்குப் பதக்கமே இல்லை. இது ரஹீம் எவ்வளவு பெரியவர் என்பதற்குச் சாட்சின்னு சிலர் சொல்வாங்க. ஒரு மனிதரை நம்பி ஓடிய அமைப்பு, அவர் போனதும் நின்றுவிட்டதுன்னு வேறு சிலர் சொல்வாங்க. இரண்டாவது வாதத்திலும் நியாயம் இருக்கு. ஆனா அந்தக் குற்றம் வாத்தியார் மேல் இல்லை. ஒரு பள்ளி ஆசிரியர் செலவில்லாமல் நடத்திய பயிற்சியை நாடு முழுக்க எடுத்துப்போக வேண்டியவர்கள் நிர்வாகத்தில் இருந்தார்கள்.

சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது தொடங்கப்பட்டதே 1985-ல்தான். ரஹீம் இறந்து 22 வருஷம் கழித்து.

அடுத்த முறை பெஸ்ட் கோச் யாருன்னு சண்டை வந்தால், கோப்பைகளை எண்ணுவதற்கு முன்னால் மூணு கேள்வி கேளுங்க. கையில் என்ன கிடைத்தது? அதை என்னவாக மாற்றினார்? அவரிடம் கத்துக்கிட்டவங்க என்ன ஆனாங்க? இந்த மூணிலும் தேறுகிற கோச்சுகள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். அதில் ஒருத்தர் ஹைதராபாத்தின் பள்ளிக்கூட வாத்தியார்.