தண்ணீர் சுமந்தவர் 73 வயதில் குரு ஆனது எப்படி? யார் இந்த அமர்தாஸ்?

சென்னை தி.நகர், ஜி.என்.செட்டி சாலை குருத்வாராவுக்குப் போயிருக்கீங்களா? அங்கே லங்கர் சாப்பாட்டுப் பந்தியில் யாரும் ஜாதி, மதம் கேட்க மாட்டாங்க. லங்கரைத் தொடங்கியவர் குரு நானக். ஆனா அதை யாரும் மீற முடியாத விதியா மாத்தினவர் மூன்றாவது குரு அமர்தாஸ்.

1479-ல் பஞ்சாபின் பாசர்கே கிராமத்தில் பிறந்தவர். தீவிர வைணவர். 60 வயதுக்கு மேல், சகோதரர் வீட்டு மருமகள் பாடிய நானக்கின் பாடலைக் கேட்டு மனம் மாறினார். அந்தப் பெண்ணின் அப்பாதான் இரண்டாவது குரு அங்கத். தன்னைவிட 25 வயது இளையவரான அவரிடமே சீடராகச் சேர்ந்தார். குருவின் குளியலுக்காக, விடியும் முன்பே பியாஸ் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமப்பாராம். ஊர் கேலி செய்தது.

1552-ல் குரு ஆனபோது வயது 73. கோயிந்வாலில் அவர் வைத்த ஒரே நிபந்தனை: முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடணும், பிறகுதான் குருவைப் பார்க்கலாம். தீட்டு பார்த்தவர்களுக்கு அது லேசான விஷயமில்லை. பேரரசர் அக்பரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்கிறது சீக்கிய மரபு. எல்லா ஜாதியினரும் இறங்கிக் குளிக்க 84 படிகளோடு கிணறு வெட்டினார். உடன்கட்டையை எதிர்த்தார். பெண்கள் முகத்திரை போடக்கூடாது என்றார்.

மகன்கள் இருந்தும், அவித்த கடலை விற்று வளர்ந்த மருமகன் ராம்தாஸை வாரிசாக்கிவிட்டு 1574-ல் மறைந்தார்.

சரியா 350 வருஷம் கழிச்சு, 1924-ல், பெரியார் சிறை சென்ற வைக்கம் போராட்டத்துக்கு பஞ்சாபிலிருந்து அகாலி சீக்கியர்கள் வந்து இலவச சமையலறை திறந்தாங்க. அதை காந்தி எதிர்த்தது தனிக்கதை.