வினோனா சிறையில் நான்கு நாட்கள்: ஃபேனி லூ ஹேமரும் பிணையின் அரசியலும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டத்தைப் பேசும்போதெல்லாம் ஃபேனி லூ ஹேமரைப் பாடகராகவும் பேச்சாளராகவும் நாம் நினைவுகூர்கிறோம். அவருடைய வாழ்வின் திசையை மாற்றிய இடங்களுள் ஒன்று மிசிசிப்பி மாநிலத்தின் சிறுநகரச் சிறை என்பதை அந்த அளவுக்குப் பேசுவதில்லை. 1963 ஜூன் 9 முதல் 12 வரை அவர் அங்கே அடைக்கப்பட்டிருந்தார். கைது செய்யப்பட்ட ஓர் ஏழைக்கும் அவருடைய விடுதலைக்கும் இடையில் என்னவெல்லாம் நிற்கின்றன என்பதை அந்த நான்கு நாட்களிலிருந்து நாம் கற்றுக்கொள்ள முடியும்.

ஹேமர் 1917 அக்டோபர் 6 அன்று மிசிசிப்பியின் மான்ட்கோமெரி கவுண்டியில் பிறந்தார். வாரக் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட பெற்றோருக்கு அவர் இருபதாவது பிள்ளை, கடைக்குட்டி. ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கத் தொடங்கினார். வாரக் குத்தகை என்பது ஆண்டு முழுவதும் உழைத்தும் அறுவடை முடிவில் பண்ணையாரிடம் கடனாளியாகவே நிற்கும் ஏற்பாடு. நிலமற்ற சாதிகளின் வரலாற்றை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பின்னாளில் ரூல்வில் அருகே ஒரு பண்ணையில் கூலியாட்களின் வேலைக்கணக்கை எழுதினார். 1961இல் கட்டி அகற்றும் அறுவைச் சிகிச்சைக்குச் சென்றவரின் கருப்பையை, அவருடைய ஒப்புதல் பெறாமலே மருத்துவர்கள் நீக்கிவிட்டனர்.

1962 ஆகஸ்டில் மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் கூட்டமொன்றில்தான், தமக்கு வாக்குரிமை உண்டு என்பதை அவர் அறிந்தார். அப்போது அவருக்கு வயது 44. அம்மாத இறுதியில் 17 பேருடன் இந்தியனோலா நீதிமன்றத்துக்குப் பதிவு செய்யச் சென்றார். மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவை விளக்கச் சொல்லும் எழுத்தறிவுத் தேர்வில் தோல்வியுற்றார். திரும்பும் வழியில் அவர்களுடைய பேருந்தைக் காவலர்கள் நிறுத்தினர். வண்டியின் மஞ்சள் நிறம் மிகையாக இருப்பதாகக் காரணம் கூறி ஓட்டுநருக்கு அபராதம் விதித்தனர். பயணிகள் தம் கைக்காசைத் திரட்டிக் கொடுத்த பிறகே பேருந்து நகர்ந்தது. அன்றிரவே 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து ஹேமர் வெளியேற்றப்பட்டார். உரிமையைக் கேட்பவரிடம் பணமாகவும் வீடாகவும் விலை வசூலிக்கும் முறையை அவர் ஒரே நாளில் கண்டுகொண்டார். ஆயினும் 1963 ஜனவரியில் தேர்வில் வென்று வாக்காளராகப் பதிவுசெய்துகொண்டார்.

அவ்வாண்டு ஜூனில், தென் கரோலினாவில் நடந்த குடியுரிமைப் பயிற்சி முடிந்து அவரும் தோழர்களும் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தனர். ஜூன் 9 அன்று வினோனா பேருந்து நிலையத்தில் சிலர் உணவருந்தச் சென்றனர். மாநிலங்களுக்கிடையே ஓடும் பேருந்துகளின் நிலையங்களில் இனப்பாகுபாடு காட்டக் கூடாது என்ற கூட்டாட்சி ஆணை 1961 முதலே நடைமுறையில் இருந்தது. ஆனால் அங்கே காவலர்கள் அவர்களை வெளியேற்றிக் கைது செய்தனர். பேருந்திலிருந்து இறங்கிப் பார்த்த ஹேமரும் கைதானார். அவர் பிறந்த அதே கவுண்டியின் சிறைதான் அவருக்குக் காத்திருந்தது. அங்கே காவலர்களின் ஆணைப்படி இரு கறுப்பினக் கைதிகள் அவரை உலோகம் பொதிந்த தோல்தடியால் அடித்தனர். ஒடுக்கப்பட்டவரின் கையாலேயே ஒடுக்கப்பட்டவரை அடிக்கவைத்த அந்தக் கொடுமை நமக்கும் புதியதன்று. அவருடைய சிறுநீரகம் பழுதுற்றது. ஒரு கண்ணின் பார்வை குன்றியது. காலின் ஊனம் நிலைத்தது. கைதானவர்களுள் ஒருவர் 15 வயதுச் சிறுமி. அவர்களை மீட்க வந்த லாரன்ஸ் கையட் என்ற இளைஞரும் அடித்து அடைக்கப்பட்டார். வழக்கறிஞர் இன்றி நடந்த விசாரணையில் அனைவரும் குற்றவாளிகளாக்கப்பட்டனர். ஜூன் 12 அன்று ஆண்ட்ரூ யங், ஜேம்ஸ் பெவல் உள்ளிட்ட இயக்கத்தவர் பிணைப்பணத்துடன் வந்த பிறகே கதவு திறந்தது.

இங்கே கவுண்டிச் சிறையின் இயல்பை நாம் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கவுண்டி என்பது நம் மாவட்டத்தை ஒத்த நிர்வாகப் பகுதி. அதன் சிறை பெரும்பாலும் ஷெரீஃபின் பொறுப்பில் இருக்கிறது. நீண்ட தண்டனை பெற்றோர் மாநிலச் சிறைகளுக்குச் செல்ல, விசாரணைக்குக் காத்திருப்போரும் குறுகிய தண்டனை பெற்றோருமே இங்கே அடைக்கப்படுகின்றனர். கைதானவரின் கைரேகையும் புகைப்படமும் பதிவான பின், நீதிபதியோ முன்பே வகுத்த பட்டியலோ பிணைத்தொகையைத் தீர்மானிக்கும். வசதி உள்ளவர் முழுத்தொகையையும் நீதிமன்றத்தில் கட்டி வெளியேறுவார். விசாரணைகளுக்குத் தவறாமல் வந்தால் அது திரும்பக் கிடைக்கும். வசதியற்றவர் பிணைமுகவரை நாட வேண்டும். முகவர் பெரும்பாலும் பத்து விழுக்காட்டைக் கட்டணமாகப் பெற்று, மீதிக்குத் தாம் பொறுப்பேற்று உறுதிப்பத்திரம் அளிப்பார். வழக்கே தள்ளுபடியானாலும் அக்கட்டணம் திரும்பி வராது. ஆக, பணக்காரருக்குத் திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகையாக உள்ள பிணை, ஏழைக்கு மீளாச் செலவாகிறது. அதையும் கட்ட இயலாதவர், குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே உள்ளே கிடக்கிறார்.

பிணைத்தொகையின் நோக்கம் கைதானவரை விசாரணைக்கு வரவைப்பது மட்டுமே என்றும், அதற்குத் தேவையான அளவை மீறுவது அரசியலமைப்புக்கு முரண் என்றும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1951இலேயே தீர்ப்பளித்திருந்தது. தென் மாநிலங்களில் பிணை போராட்டத்தை முடக்கும் கருவியாகவே கையாளப்பட்டது. கூட்டம் கூட்டமாகக் கைது செய்து, இயக்கத்தின் கருவூலத்தை வற்றச் செய்வதே ஆட்சியாளர்களின் உத்தி. சொந்த நிலம் வைத்திருந்த சிறுபான்மைக் கறுப்பின உழவர்கள் தம் நிலத்தையே ஈடாக வைத்துப் போராளிகளை மீட்டனர். நிலம் உள்ளவரே பிணை நிற்க முடியும் என்ற உண்மை அங்கும் இருந்தது.

விடுதலைகூட அங்கே பாதுகாப்பு ஆகவில்லை. 1964 ஜூன் 21 அன்று நெஷோபா கவுண்டியில் சேனி, குட்மன், ஷ்வெர்னர் ஆகிய மூன்று இளைஞர்கள் கைது செய்யப்பட்டனர். 20 டாலர் அபராதம் பெற்றுக்கொண்டு இரவில் விடுவிக்கப்பட்ட அவர்கள், வழியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். சிறைக் கதவைத் திறந்தவர்களுக்கும் சாலையில் காத்திருந்தவர்களுக்கும் இடையே உடன்பாடு இருந்தது.

வினோனா வன்முறைக்காக ஷெரீஃப் உட்பட ஐவர் மீது கூட்டாட்சி அரசு வழக்குத் தொடுத்தது. 1963 டிசம்பரில் வெள்ளையர் மட்டுமே அடங்கிய நடுவர் குழு அவர்களை விடுவித்தது. ஹேமரின் வாழ்க்கையை நாம் படிக்க வேண்டிய இடம் இதுவே. ஷெரீஃபை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கின்றனர். மிசிசிப்பி நீதிமன்றங்களில் நடுவர் ஆவதற்கும் வாக்காளர் தகுதி தேவைப்பட்டது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத மக்கள், தம்மைக் கைது செய்பவரையும் தம்மைத் தீர்ப்பிடுபவரையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை இழக்கின்றனர். வாக்குக்காக அவர் நடத்திய போராட்டம் சிறைச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கான போராட்டமும் ஆகும்.

1964 ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சி மாநாட்டின் தகுதிச் சான்றுக் குழுவின் முன் அவர் வினோனாவில் நேர்ந்தவற்றைச் சாட்சியமாக அளித்தார். ஜான்சன் அவசரச் செய்தியாளர் சந்திப்பைக் கூட்டி நேரலையைத் திசைதிருப்பினார். ஆயினும் தொலைக்காட்சிகள் அன்று மாலை அச்சாட்சியத்தை நாடு முழுவதும் ஒளிபரப்பின. சமரசமாக வழங்கப்பட்ட இரண்டு இடங்களை ஹேமரும் அவருடைய கட்சியினரும் ஏற்கவில்லை. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. வாக்கு மட்டும் போதாது என்று உணர்ந்த அவர், 1969இல் 40 ஏக்கரில் ஒரு கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கினார். கடன் சுமையால் சில ஆண்டுகளிலேயே அது நின்றுபோனது. 1977 மார்ச் 14 அன்று, 59 வயதில் அவர் மறைந்தார்.

அவர் எதிர்கொண்ட கேள்வி இன்றும் முடிந்துவிடவில்லை. 2015 ஜூலையில் டெக்சாஸின் வாலர் கவுண்டியில், தடம் மாறுகையில் சைகை காட்டவில்லை என்று நிறுத்தப்பட்டுக் கைதான சாண்ட்ரா பிளாண்டுக்கு 5,000 டாலர் பிணை விதிக்கப்பட்டது. வெளியேறச் சுமார் 500 டாலர் போதும். அது கட்டப்படுவதற்குள், மூன்றாம் நாள் அவர் சிறையறையில் இறந்துகிடந்தார். 2023 செப்டம்பரில் இல்லினாய் மாநிலம் பணப்பிணையை முற்றிலும் ஒழித்தது. பெரும்பாலான மாநிலங்களில் அது தொடர்கிறது.

நம் நாட்டில் பிணைமுகவர் தொழில் சட்டப்படி இல்லை. ஆனால் சொத்துள்ள ஜாமீன்தாரர் வேண்டும் என்ற நிபந்தனை அதே வேலையைச் செய்கிறது. 1978இல் மோதிராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதால் மறுத்த நடுவரின் ஆணையை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடுவித்தது. நிலமற்ற மக்களிடம் நிலத்தைக் காட்டச் சொல்லும் நீதிமன்றம், அவர்களுடைய வறுமைக்கே தண்டனை வழங்குகிறது. ஹேமரை நினைவுகூர்வது என்பது, இன்று நம் கிளைச் சிறைகளில் ஜாமீன்தாரர் கிடைக்காமல் காத்திருப்போரின் பெயர்களைக் கேட்டறிவதும் அவர்களுக்காக நீதிமன்றத்தில் நிற்பதும் ஆகும்.