ஜண்டாப்பூரில் நின்றுபோன நாடகம்

சப்தர் ஹஷ்மி என்ற பெயரைக் கேட்டவுடன் அவர் இறந்த விதமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றது. அச்சாவை அறிந்த அளவுக்கு அவருடைய கலையை அறிந்தவர் நம்மிடையே குறைவு.

1954 ஏப்ரல் 12ஆம் நாள் அவர் தில்லியில் பிறந்தார். தந்தை ஹனீப் ஹஷ்மி. தாய் கமர் ஆசாத். பின்னாளில் மகனின் வரலாற்றை நூலாக எழுதும் பெருமையும் துயரமும் அத்தாய்க்கே வாய்த்தன. அலிகரிலும் தில்லியிலும் வளர்ந்த சப்தர், புனித ஸ்டீபன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றார். 1973இல் நண்பர்களுடன் சேர்ந்து ‘ஜன நாட்டிய மஞ்ச்’ (மக்கள் நாடக மன்றம்) என்னும் குழுவை நிறுவினார். நெருக்கடி நிலைக் காலத்தில் கார்வால், காஷ்மீர், தில்லி ஆகிய இடங்களில் ஆங்கில ஆசிரியராகப் பணிபுரிந்தார்.

1977இல் நெருக்கடி நிலை நீங்கியபின் குழு மீண்டும் எழுந்தது. ஆனால் பெருமேடை நாடகத்துக்குப் பொருளுதவி செய்யும் நிலையில் தொழிற்சங்கங்கள் இல்லை. திரையும் விளக்கும் வேண்டாத சிறு நாடகமே வழியெனத் தோன்றிற்று. வீதி நாடகம் கொள்கையின் குழந்தை என்பர். இக்குழுவைப் பொறுத்தவரை வறுமையே அதன் செவிலித்தாய்.

அவ்வாறு 1978 அக்டோபரில் அரங்கேறியது ‘மெஷின்’. காசியாபாத் பகுதி ஆலையொன்றின் தொழிலாளர், மிதிவண்டி நிறுத்த ஓரிடமும் ஒரு சிற்றுண்டிச்சாலையும் கேட்டனர். ஆலைக் காவலர் சுட்டதில் தொழிலாளர் சிலர் மாண்டனர். இச்செய்தியே நாடகத்தின் கரு. நடிகர்கள் உடலசைவாலும் ஓசையாலும் ஓர் எந்திரமாகச் சேர்ந்து இயங்குவர். திடீரென எந்திரம் நின்றுவிடும். தொழிலாளியும் முதலாளியும் காவலாளியும் அதன் உறுப்புகளாய் இருந்தமை அப்போது புலப்படும். ஏறத்தாழ 13 நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

கவிதை எழுதுவோர் இச்சுருக்கத்தை எண்ணிப் பார்த்தல் தகும். நம் தெருக்கூத்துக்கு ஓர் இரவு முழுதும் உண்டு. கதையும் ஊரார் முன்பே அறிந்தது. ஆலை வாயிலில் உணவு இடைவேளைக்கு வந்து நிற்பவனுக்கோ அத்துணைப் பொழுதில்லை. சங்கு ஊதுமுன் நாடகம் முடிந்தாக வேண்டும். நுழைவுச்சீட்டு வாங்காதவன் எக்கணமும் விலகிப் போகலாம். இடம் விதித்த இக்கட்டுப்பாடுகளே அந்நாடகங்களின் யாப்பு ஆயின.

1979இல் பெண்களின் நிலையைச் சொல்லும் ‘ஔரத்’ வந்தது. தில்லியில் பேருந்துக் கட்டணம் உயர்ந்தபோது, அந்தச் சூட்டிலேயே மற்றொரு நாடகம் பிறந்தது. மேற்கு வங்க அரசின் தில்லித் தகவல் அலுவலர் பணியையும் சப்தர் 1984இல் துறந்தார். குழந்தைகளுக்காக அவர் இந்தியில் எழுதிய பாடல்களுள் நூல்களைப் பற்றிய ‘கிதாபேன்’ பெரிதும் அறியப்பட்டது. அவரை முழக்கமிடுபவராக மட்டும் எண்ணுவோர் அதைப் படித்தால் வியப்பர். மேடையை அவர் வெறுத்தாரும் அல்லர். 1988இல் ஹபீப் தன்வீருடன் சேர்ந்து பிரேம்சந்தின் கதையொன்றை ‘மோட்டேராம் கா சத்தியாகிரக்’ என நாடகமாக்கினார்.

அவ்வாண்டு நவம்பரில் தில்லி வட்டாரத் தொழிலாளர் 7 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அதை ஒட்டி எழுந்தது ‘ஹல்லா போல்’ (ஆர்த்தெழு). 1989 சனவரி 1ஆம் நாள் காலை, காசியாபாத் நகராட்சித் தேர்தலில் மார்க்சிஸ்ட் வேட்பாளர் ஒருவருக்கு ஆதரவாக, சாகிபாபாத்தை அடுத்த ஜண்டாப்பூரில் அது தொடங்கியது. சிறிது நேரத்தில் எதிர் வேட்பாளரின் ஊர்வலம் வந்து வழி கேட்டது. சற்றுப் பொறுக்குமாறோ வேறு வழியே செல்லுமாறோ சப்தர் வேண்டினார். வந்தவர்கள் தடிகளோடும் துப்பாக்கிகளோடும் பாய்ந்தனர். ராம் பகதூர் என்னும் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். தோழர்கள் தப்பிச் செல்லும்பொருட்டுத் தொழிற்சங்க அலுவலகத்தின் கதவை அடைத்து நின்ற சப்தர் கொடுந்தாக்குதலுக்கு ஆளானார். மறுநாள் இரவு தில்லி மருத்துவமனையில் உயிர் நீத்தார். அகவை 34.

சனவரி 4ஆம் நாள் குழுவினர் மீண்டும் ஜண்டாப்பூர் சென்றனர். அதே இடத்தில், பாதியில் நின்ற நாடகத்தை முழுமையாக நடித்து முடித்தனர். நடித்தவர்களுள் சப்தரின் துணைவியார் மலயஸ்ரீயும் ஒருவர். வேறு மைதானம் கிடைக்காமல் இல்லை. அங்கு நடித்தால்தான் அது அந்த நாடகம்.

வழக்கில் தண்டனை அறிவிக்கப்பட்டது 2003இல்தான்; பதின்மருக்கு ஆயுள் தண்டனை.