தன்னுடலே முதற்களம்

(வால்டெமர் ஹாஃப்கின் வாழ்க்கை வரலாறு)

நுழையும்முன்

குழந்தைப் பருவம் தொட்டு நாம் பல தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்கிறோம். அவை ஒவ்வொன்றையும் நமக்கு முன் யாரோ ஒருவர், பயன் உறுதியாகாத காலத்திலேயே, தம் உடலில் ஏற்றுக்கொண்டனர். அவ்வாறு முன்வருவோரைத் தன்னார்வலர் என்கிறோம். தாம் கண்ட மருந்துக்குத் தாமே முதல் தன்னார்வலராகி, நம் நாட்டின் கொள்ளைநோய்க் காலத்தில் உழைத்த ஓர் அறிஞரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

வால்டெமர் ஹாஃப்கின் 1860 ஆம் ஆண்டு, அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த ஒடெசா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் அறிவியலறிஞர் மெச்னிகோவிடம் உயிரியல் பயின்றார். அக்காலத்தில் யூதர்கள் உயர்பதவி பெறுதல் அரிது. மதம் மாறினால் பதவி கிடைக்கும் என்ற நிலை இருந்தும் அவர் அதற்கு இசையவில்லை. தாய்நாட்டை விட்டு வெளியேறிப் பாரிஸ் நகரை அடைந்தார். அங்குள்ள பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் துணை நூலகர் பணியே முதலில் அவருக்குக் கிடைத்தது. நூலகப் பணி முடிந்த நேரங்களில் ஆய்வில் ஈடுபட்டார்.

காலராவுக்கு ஊசி

அந்நாளில் காலரா என்னும் வாந்திபேதி ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பல்லாயிரம் உயிர்களைப் பறித்து வந்தது. அந்நோய்க் கிருமிகளைக் கொண்டே தடுப்பூசி ஒன்றை ஹாஃப்கின் உருவாக்கினார். விலங்குகளிடம் அது பயன் தந்தது. மனிதருக்குத் தீங்கு செய்யாதா என்பதை எவரும் அறியார். 1892 ஜூலை 18 அன்று அவர் அம்மருந்தைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் தோன்றி மறைந்தன. சில நாள்களுக்குப்பின் வலிமை மிகுந்த இரண்டாம் ஊசியையும் ஏற்றார். அதன்பின்னரே அவருடைய நண்பர்கள் சிலர் விரும்பி முன்வந்தனர்.

1893 ஆம் ஆண்டு அவர் இந்தியாவுக்கு வந்தார். அயலார் ஒருவர் கொண்டுவந்த புதிய ஊசியை மக்கள் ஐயத்துடன் நோக்கினர். அவர் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. இந்திய மருத்துவர்களைத் துணையாகக் கொண்டார். மக்கள் காணத் தாமே ஊசி போட்டுக்கொண்டு, விரும்பியவர்க்கு மட்டும் மருந்தளித்தார். 1894 இல் கல்கத்தாவின் சேரிப்பகுதி ஒன்றில் காலரா பரவியது. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 200 பேருள் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். பின்னர் அங்குப் பத்துப் பேருக்கு நோய் கண்டு, எழுவர் இறந்தனர். அந்தப் பத்துப் பேரும் ஊசி போடாதவர்களே. ஊசி போட்டோரையும் போடாதோரையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்ப்பதே மருந்தின் பயனை அறியும் வழி என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

பம்பாயில் பிளேக்

1896 ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் தோன்றியது. மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். நோயாளிகளைத் தேடி அதிகாரிகள் வீடுவீடாகப் புகுந்ததால் அச்சத்தோடு சினமும் வளர்ந்தது. அரசின் அழைப்பை ஏற்றுப் பம்பாய் வந்த ஹாஃப்கினுக்குக் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு அறையும் தாழ்வாரமும் ஒதுக்கப்பட்டன. உதவிக்கு ஓர் எழுத்தரும் மூன்று கடைநிலை ஊழியர்களுமே இருந்தனர். இறைச்சிச் சாற்றின்மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டு அதில் கிருமிகளை வளர்த்தார். அவற்றை வெப்பத்தால் கொன்று தடுப்பூசி செய்தார். மூன்று மாத இடையறா உழைப்பில் மருந்து உருவாயிற்று.

1897 ஜனவரி 10 அன்று, பின்னாளில் பிறருக்கு அளித்ததைவிட மிகுந்த அளவு மருந்தைத் தம் உடலில் ஏற்றுக்கொண்டார். கடுங்காய்ச்சலும் வலியும் அவரை வருத்தின. சில நாள்களில் நலம் பெற்றார். அவரைக் கண்டு, நகரில் மதிப்புமிக்கோர் பலரும் ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தனர்.

அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் பிளேக் பரவியது. சிறைவாசிகளுள் ஏறத்தாழ 150 பேர் ஊசி போட்டுக்கொள்ள இசைந்தனர். ஏறத்தாழ 170 பேர் போட்டுக்கொள்ளவில்லை. ஊசி போட்ட நாளிலேயே நோய் கண்டிருந்த சிலரை நீக்கி எஞ்சியோரைக் கணக்கிட்டனர். போடாதோருள் பன்னிருவர் நோயுற்று அறுவர் இறந்தனர். போட்டுக்கொண்டோருள் இருவரே நோயுற்றனர், அவ்விருவரும் பிழைத்தனர். மருந்தின் பயன் விளங்கியது. எனினும், சிறையில் அடைபட்டோர் மறுக்க அஞ்சாமல் இசைந்திருக்க இயலுமா என்னும் வினா நம் முன் நிற்கிறது. இக்காலத்தில் மருந்தின் நன்மை தீமைகளை விளக்கி, எழுத்து வழியே இசைவு பெற்ற பின்னரே எவரையும் சோதனையில் சேர்க்க வேண்டும். இடையில் விலகும் உரிமையும் தன்னார்வலருக்கு உண்டு.

பழியும் மீட்சியும்

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்குப் பிளேக் ஊசி போடப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர், டெட்டனஸ் என்னும் இசிவுநோயால் இறந்தனர். பழி ஹாஃப்கினின் ஆய்வகத்தின்மீது விழுந்தது. அவர் பணியிலிருந்து விலக்கப்பட்டார். ஆயினும், அப்புட்டியைத் திறக்கும்போது ஊழியர் ஒருவரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்ததும், அது முறையாகத் தூய்மை செய்யப்படாமல் மீண்டும் பயன்பட்டதும் விசாரணைச் சான்றுகளில் இருந்தன. 1907 இல் ரொனால்ட் ராஸ் முதலிய அறிஞர்கள் இச்சான்றுகளை எடுத்துக்காட்டி இதழில் எழுதினர். அவ்வாண்டிலேயே ஹாஃப்கின்மீது சுமத்தப்பட்ட பழி நீங்கியது. ஐந்தாண்டுகள் அவர் சுமந்த துயரம் பெரிது. பத்தொன்பது குடும்பங்கள் இழந்ததோ என்றும் மீளாதது. தன்னார்வலரின் உயிர், சோதனை செய்வோர் காக்க வேண்டிய அடைக்கலப் பொருள் என்பதை முல்கோவால் உணர்த்துகிறது.

பின்பு ஹாஃப்கின் கல்கத்தாவுக்குத் திரும்பிச் சில ஆண்டுகள் பணியாற்றினார். மனிதரிடம் புதிய மருந்துகளைச் சோதிக்கும் வாய்ப்பு அவருக்கு மீண்டும் அளிக்கப்படவில்லை. 1925 இல், பம்பாயில் அவர் நிறுவிய பிளேக் ஆய்வகத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. பரேல் பகுதியில் அந்நிறுவனம் இன்றும் இயங்கி வருகிறது. 1930 ஆம் ஆண்டு ஸ்விட்சர்லாந்தின் லொசான் நகரில் அவர் மறைந்தார். 1964 இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

தம்மால் தாங்க இயலாததைப் பிறர் தாங்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அதனாலேயே மக்கள் அவரை நம்பினர். ஆய்வறிவும் தன்னார்வலரின் துணிவும் அந்நம்பிக்கையில் ஒன்று சேர்ந்தபோது மருந்து மக்களைச் சென்றடைந்தது.

சொல்லும் பொருளும்

இசைவு – சம்மதம்
அடைக்கலப் பொருள் – காக்கும்படி ஒப்படைக்கப்பட்ட பொருள்
தாழ்வாரம் – அறைக்கு வெளியே அமைந்த நடைப்பகுதி
ஐயம் – சந்தேகம்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. ஹாஃப்கின் தாய்நாட்டை விட்டு வெளியேறியது ஏன்?
2. கல்கத்தா சேரிப்பகுதியில் தடுப்பூசியின் பயன் எவ்வாறு புலப்பட்டது?
3. முல்கோவாலில் நேர்ந்த இறப்புகளுக்கு இட்டுச்சென்ற தவறு யாது?

ஆ. பிரித்து எழுதுக.
1. தடுப்பூசி
2. தன்னுடல்

இ. சிந்தித்து எழுதுக.
சிறைவாசிகள் அளித்த இசைவை முழுமையான இசைவு எனக் கொள்ளலாமா? உம் கருத்தைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.