வடபுலம் கண்ட பாவலர்

நாடு காணச் செல்வோர் பலர். கண்டவற்றை நெஞ்சிற் பதித்து, காலம் கடந்தும் நிலைக்குமாறு எழுதி வைப்போர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜப்பான் நாட்டுப் புலவர் மட்சுவோ பாஷோ. 17 அசைகளில் அமைந்து, இக்காலத்தில் ஹைக்கூ என வழங்கும் குறும்பாவினை உயர்நிலைக்குக் கொணர்ந்தவர் அவரே.

பாஷோ 1644-ஆம் ஆண்டில் இகா நாட்டில் எளிய குடும்பமொன்றில் தோன்றினார். இளமையில் தலைவர் குடியில் பிறந்த யோஷித்தடா என்பவரிடம் பணிபுரிந்தார். இருவரும் உழுவலன்பினராய் ஒருங்கே பாப்புனையப் பயின்றனர். 1666-இல் யோஷித்தடா இளவயதிலேயே இறந்தார். அப்பிரிவுக்குப்பின் சில ஆண்டுகள் கழித்து, இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரை அடைந்த பாஷோ, பாப்புனையக் கற்பிக்கும் ஆசிரியராய்ப் பெயர் பெற்றார்.

புகழும் மாணவர் கூட்டமும் பெருகிய காலத்தில், 1680-இல், அவர் நகரின் ஆரவாரத்தை நீங்கிச் சுமிதா ஆற்றங்கரையில் ஒரு குடிலில் வாழலானார். மாணவர் ஒருவர் அக்குடிலின் முன்றிலில் நடுவதற்கு வாழைக்கன்று ஒன்றைத் தந்தார். குளிர் மிக்க அந்நாட்டில் அவ்வாழை உண்ணத்தகும் கனி தாராது. அதன் இலையோ சிறு காற்றிலும் கிழிபடும். எனினும் புலவர் அதனைப் பெரிதும் விரும்பினார். ஜப்பானிய மொழியில் பாஷோ என்பது வாழையின் பெயர். அதனையே அவர் தம் பெயராகவும் கொண்டார். ஈராண்டிற்குள் நகரில் மூண்ட பெருந்தீ அக்குடிலை எரித்தது. மறு ஆண்டில் அன்னையும் மறைந்தார். நிலையாமையை நூல்களிற் கற்ற அவர், இப்போது வாழ்விலும் உணர்ந்தார். அதன்பின் ஊர்தோறும் நடப்பதே அவர்தம் வாழ்க்கையாயிற்று.

முன்னோர் பாடிய வடபுலத்தைக் கண்ணாரக் காணவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வேட்கை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சைகியோ என்னும் துறவிப் புலவர் நடந்த வழியே தாமும் நடக்க விழைந்தார். வடபுலத்து வழிகளோ கடியவை. அவர் உடலோ நோயுற்றது. மீண்டு வருவது உறுதியன்று எனத் தெரிந்தும், குடிலைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்து, 1689-ஆம் ஆண்டு தம் 45-ஆம் வயதில், சோரா என்னும் மாணவரோடு புறப்பட்டார்.

ஓரிரவு அவர்கள் ஏழையொருவர் வீட்டில் தங்கினர். கூரை ஒழுகிற்று, கொசுவும் தெள்ளுப்பூச்சியும் துயில ஒட்டவில்லை, பழைய நோயும் மீண்டும் வருத்திற்று. வழியிலே உயிர் நீங்கினும் நீங்குக என்று உளங்கொண்டு, பாஷோ விடியலில் மேலே நடந்தார்.

தாகாஜோ என்னும் இடத்தில், 762-ஆம் ஆண்டில் நாட்டப்பட்ட கல் ஒன்றைக் கண்டார். மலை சரிகிறது, ஆறு தடம் மாறுகிறது, இந்த எழுத்தோ அழியாது நிற்கிறதே என எண்ணிக் கண்ணீர் சொரிந்தார். அடுத்து மட்சுஷிமா விரிகுடாவை அடைந்தார். அங்கே கடல் நடுவே 260-க்கு மேற்பட்ட சிறு தீவுகள் பைன் மரங்களைச் சூடி நிற்கின்றன. அவ்வழகின்முன் அவர் வாயடைத்துப் போனார். அவ்விடத்தைப் பற்றிய தம் பாடல் எதனையும் பயண நூலிற் சேர்க்கவில்லை.

ஹிரைசுமியில் மூன்று தலைமுறை செழித்தாண்ட புஜிவாரா குடியின் மாளிகை நின்ற இடம் வயலாய்க் கிடந்தது. 1189-இல் மாவீரர் யோஷித்சுனே மடிந்த மேட்டில் புல் மண்டியிருந்தது. பாஷோ அங்கே நெடுநேரம் அமர்ந்து அழுதார். ஆயினும் 1124-இல் எழுப்பிய பொன்மண்டபம் மட்டும், பின்னோர் அமைத்த காப்புக் கட்டடத்துள் அழியாதிருந்தது.

அங்கிருந்து மேற்கே மலைகளைக் கடந்து, மோகாமி ஆற்றில் படகேறி, மேல்கடற்கரையின் கிசகாட்டாவை அடைந்தார். அஃது எண்ணற்ற தீவுகள் நிறைந்த உப்பங்கழி. மழையில் மூழ்கிய அதன் அழகு துயரந்தோய்ந்தது என அவர் எழுதினார். அதுவே அப்பயணத்தின் வட எல்லை. ஏறத்தாழ ஐந்து திங்கள், 2,400 கிலோமீட்டர் வழி கடந்து, இலையுதிர் காலத்தில் ஓகாக்கி நகரில் பயணம் முற்றிற்று.

கண்டவற்றை அவர் விரைந்து வெளியிட்டாரல்லர். ஐந்தாண்டுகள் சொல்லைச் செதுக்கிச் சிறு நூலாக்கினார். அந்நூல் நிறைவுற்ற 1694-ஆம் ஆண்டிலேயே மீண்டும் பயணம் புறப்பட்டு, ஓசாக்கா நகரில் நோயுற்று, 50-ஆம் வயதில் மறைந்தார். அவர் விருப்பப்படி பிவா ஏரிக்கரையில் அடக்கம் செய்தனர். 1702-இல் அந்நூல் அச்சேறிற்று.

1804-இல் நேர்ந்த நிலநடுக்கத்தால் கிசகாட்டாவின் தரை உயர்ந்தது, நீர் வடிந்தது, கழி வயலாயிற்று. அன்றைய தீவுகள் இன்று நெல்வயல்களின் நடுவே மேடுகளாய் நிற்கின்றன. பாஷோ கண்ட கழி இப்போது இல்லை. அவர் எழுத்தில் மட்டும் அதன்மேல் மழை பெய்துகொண்டிருக்கின்றது. கல்லெழுத்தைக் கண்டு கண்ணீர் விட்ட அப்பெரியார், தாமும் அத்தகைய எழுத்தொன்றை உலகிற்கு விட்டுச் சென்றார்.