பிப்ரவரி 4: ஓரியூர் மணலில் ஒரு நாள்

தினசரி நாட்காட்டியில் பிப்ரவரி 4 அவ்வளவாகக் கண்ணில் படும் தாள் அன்று. பொங்கல் முடிந்து, குடியரசு நாளும் கழிந்து, தேர்வு அச்சம் மெல்லத் தலைகாட்டும் நேரம் அது. ஆயினும் அந்த ஒரு தேதிக்குள் எத்தனையோ நிகழ்ச்சிகள் அடங்கியிருக்கின்றன. 1789இல் இதே நாளில்தான் ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1948இல் இதே நாளில் இலங்கை விடுதலை பெற்றது. நம் நாட்டு அறிவியல் மேதை சத்தியேந்திரநாத் போஸ் 1974இல் இதே நாளில் காலமானார். 1913இல் இதே நாளில் பிறந்த ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, 1955இல் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரப் பேருந்தில், வெள்ளையர் ஒருவருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துச் சிறை சென்றார்.

நான் எழுத வந்தது இவர்களைப் பற்றியன்று. இதே பிப்ரவரி 4இல், 1693ஆம் ஆண்டு, சேதுபதிகளின் மறவர் சீமையில், ஓரியூர் என்னும் சிற்றூரில் தலை வெட்டுண்டு இறந்த ஒருவரைப் பற்றி. பரங்கிமலைக்கு அருகே அனகாபுத்தூரில் வாழும் நமக்கு, வேதசாட்சி என்றதும் புனித தோமையார்தாம் முதலில் நினைவுக்கு வருவார். இராமநாதபுரம் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், அருளானந்தர் என்பார்கள்.

அருளானந்தர் என்று நம் மக்கள் அன்போடு அழைக்கும் ஜான் டி பிரிட்டோ, 1647ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் போர்ச்சுகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் பிறந்தார். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த பிரபு குடும்பம். தந்தை பிரேசில் நாட்டுக்கு ஆளுநராக அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். தாயார் பெயர் பெயாத்ரிஸ். சிறுவன் ஜான் அரண்மனையில் பணிச் சிறுவனாகச் சேர்ந்து, இளவரசர் பேதுருவின் விளையாட்டுத் தோழனாக வளர்ந்தான். இந்த இளவரசரை மறந்துவிடாதீர்கள். பின்னால் மீண்டும் வருவார்.

சிறு வயதில் ஜானுக்குக் கடும் நோய் கண்டது. மருத்துவர் கைவிட்ட நிலையில், மகன் பிழைத்தால் ஓராண்டுக் காலம் அவனுக்கு இயேசு சபையாரின் அங்கியை அணிவிப்பதாகத் தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். பட்டும் வெல்வெட்டும் பளபளத்த அரண்மனையில் ஒரு சிறுவன் மட்டும் கறுப்பு அங்கியோடு நடமாடினான். ஓராண்டு முடிந்ததும் அங்கி கழற்றப்பட்டது. ஆனால் அதை மீண்டும் அணியும் ஆசை மட்டும் அவனை விட்டு அகலவில்லை. 1662 டிசம்பரில் அவர் இயேசு சபையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. அதாவது என் வகுப்புத் தோழியரின் வயது. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு எடுப்பது என்று தீர்மானிக்கவே நமக்கு நான்கு பேரின் யோசனை தேவைப்படுகிறது!

1673இல் குருப்பட்டம் பெற்றதும் இந்தியாவுக்குப் போக விடை கேட்டார். இப்போது தாய் தடுத்தார். தம் நேர்ச்சையே மகனைத் தம்மிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். திருத்தந்தையின் தூதர் வரைக்கும் சென்று மன்றாடினார். பயனில்லை. அதே ஆண்டில் மகன் கப்பலேறிவிட்டார்.

கோவா வந்திறங்கி, மலையாள நாட்டு அம்பலக்காட்டில் இருந்த இயேசு சபை இல்லத்தை அடைந்து, அங்கிருந்து மேற்கு மலைத் தொடரைக் கால்நடையாகக் கடந்து தமிழகத்துக்குள் வந்தார். அங்கேதான் ஜான் டி பிரிட்டோ மறைந்து அருளானந்தர் தோன்றினார். காவி உடுத்தினார். இறைச்சியும் மீனும் நீக்கி, சோறும் காய்கறியும் உண்டார். தரையில் படுத்தார். ஊர் ஊராக நடந்தார். நெசவுத் தறிகளின் ஊரான அனகாபுத்தூரில் இருக்கும் நமக்கு, ஒரு துணி மனிதரை எவ்வளவு மாற்றும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெல்வெட்டிலிருந்து கறுப்பு அங்கிக்கும், கறுப்பு அங்கியிலிருந்து காவிக்கும் அவர் மாறியது வெறும் உடை மாற்றமன்று.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அக்காலத்து மதுரை மறைப்பணியில், உயர்குலத்தார் எனப்பட்டவர்களிடம் பழகிய குருக்கள் தனி, மற்ற மக்களிடம் பழகிய பண்டார சுவாமிகள் தனி. சாதி வேற்றுமையை எதிர்த்து நில்லாமல், அதற்கு வளைந்துகொடுத்து நடந்த முறை இது. இன்று படிக்கும்போது நெஞ்சை உறுத்துகிறது. அருளானந்தர் பண்டார சுவாமியாகி எளிய மக்கள் பக்கம் நின்றார் என்பதே எனக்கு ஆறுதல்.

1686ஆம் ஆண்டு அவர் மறவர் சீமையில் போதித்தபோது, உபதேசியார்களோடு பிடிபட்டார். சாட்டையடி, நீரில் அமிழ்த்தல், வெயிலில் சுட்டெரிக்கும் கூரான பாறையில் கிடத்தல் என்று பல வதைகளை அவர்கள் பட்டனர். இறுதியில் இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய்க் கிழவன் சேதுபதியின் முன் நிறுத்தினர். சேதுபதி அவருடைய போதனையைக் கேட்டார். அதில் குற்றம் காணவில்லை. இனி இந்நாட்டில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுதலை செய்தார். நம் கதைப்புத்தகங்களில் வரும் கொடிய அரசரைப் போல இவரை எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்த ஆண்டே சபைத் தலைவர்கள் அருளானந்தரை, மறைப்பணியின் பிரதிநிதியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினர். லிஸ்பனில் அரியணையில் இருந்தவர் யார் தெரியுமா? அந்த விளையாட்டுத் தோழர் பேதுருதான்! மன்னர் தம் நண்பரை விட மனமின்றி, இங்கேயே இருந்துவிடும்படி வற்புறுத்தினார். முதிய தாயாரும் அதே நகரில் இருந்தார். நாற்பது வயதைக் கடந்த உடல், அடிபட்ட உடல். இனி ஓய்வு கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் யார் குறை கூறியிருப்பார்கள்? அரண்மனை நகரத்திலும் அவர் தமிழ்நாட்டுச் சந்நியாச உணவை விடவில்லை. 1690இல் மீண்டும் கப்பலேறினார்.

அவர் வாழ்வில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது இந்தக் கப்பல் பயணந்தான். முதல் முறை வந்தபோது இங்கே என்ன காத்திருக்கிறது என்று அவருக்கு முழுதும் தெரியாது. இரண்டாம் முறை எல்லாம் தெரியும். 1906இல், இதே பிப்ரவரி 4ஆம் நாள் பிறந்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் பான்ஹோஃபரும் இப்படியே செய்தார். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி 1939இல் நியூயார்க் நகரம் சேர்ந்தவர், சில வாரங்களிலேயே தம் நாட்டுக்குத் திரும்பினார். 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். இவர் கத்தோலிக்கர் அல்லர், லுத்தரன் சபையினர். ஆயினும் இருவரும் ஒருவரையொருவர் நன்கு புரிந்துகொண்டிருப்பார்கள்.

மறவர் சீமைக்குத் திரும்பிய அருளானந்தர் காட்டுப் பகுதிகளில் மறைந்து மக்களைச் சந்தித்தார். சேதுபதியின் அரச மரபைச் சேர்ந்த தடியத்தேவர் என்பவர் அப்போது தீராத நோயால் வருந்தினார். உபதேசியார் ஒருவர் வந்து செபித்தபின் நலம் பெற்றார். ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார். அவருக்கோ மனைவியர் பலர். ஒருத்தியை மட்டும் மனைவியாகக் கொள்ள வேண்டும் என்று சுவாமியார் கண்டிப்பாகச் சொன்னார். தேவர் உடன்பட்டு, முதல் மனைவியோடு மட்டும் வாழ்வதாகவும், மற்றவரைச் சகோதரிகளாக எண்ணிக் காப்பதாகவும் கூறினார். 1693 சனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று ஞானஸ்நானம் பெற்றார்.

அவ்வாறு விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, சேதுபதியின் உறவுப் பெண். அவள் நேரே அரசரிடம் சென்று முறையிட்டாள். இரண்டே நாளில் அருளானந்தர் கைதானார்.

அருளப்பருடைய தலையைக் கேட்ட ஏரோதியாளோடு கடலாயியை ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். அருளப்பர் பெயரையே தாங்கியவர் அருளானந்தரும் என்பதால் அந்த ஒப்புமை எளிதில் வாய்க்கிறது. எனக்கு அது முழுவதும் ஏற்புடையதாகத் தோன்றவில்லை. ஏரோதியாள் கணவனை விட்டுக் கணவனின் சகோதரனை அடைந்தவள். கடலாயி என்ன தவறு செய்தாள்? தன் நாட்டு வழக்கப்படி மணம் செய்து கொடுக்கப்பட்டாள். ஒருநாள் காலை, நீ இனி மனைவியல்லள், சகோதரி என்று கேள்விப்பட்டாள். ஒரு மனைவியோடு வாழ்வதே நீதி என்று சுவாமியார் போதித்தது பெண்ணினத்துக்கே நன்மை என்பதில் ஐயமில்லை. பல தாரம் கொண்டோர் வாழ்ந்த நாட்டில் அதைச் சொல்ல அவருக்கிருந்த துணிவும் பெரிது. ஆனால் அந்த நன்மை வந்த நாளில் அதற்கு விலை கொடுத்தவர்களுள் கடலாயியும் ஒருத்தி. அவள் பழிவாங்கியது தவறே. அவள் அழுதிருப்பாள் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். புனிதரே அவளை மன்னித்திருப்பார். நாம் மட்டும் முந்நூறு ஆண்டுகளாக ஏன் ஏச வேண்டும்?

இராமநாதபுரத்தில் சேதுபதி, நாடு கடத்துவதாக வெளியே அறிவித்துவிட்டு, ஓரியூரில் இருந்த தம் தம்பி உடையத்தேவருக்கு மரண ஆணையை ரகசியமாக அனுப்பினார். அருளானந்தர் சனவரி இறுதியில் ஓரியூர் சேர்ந்தார். பிப்ரவரி 3ஆம் நாள், சிறையில் எழுதுகோலும் மையும் இல்லாததால், கரித்தூளை நீரில் குழைத்து, வைக்கோல் துரும்பால் தொட்டுத் தம் சபைத் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். அவற்றில் புலம்பல் இல்லை, மகிழ்ச்சியே இருந்தது.

மறுநாள் விபூதிப் புதன். தவக்காலத்தின் முதல் நாள். பாம்பாற்றின் கரையில் ஒரு மணல்மேட்டுக்கு அவரைக் கொண்டுசென்றனர். முழந்தாளிட்டுச் செபித்தார். கொலையாளியை அணைத்துக்கொண்டார் என்றும் சொல்வர். தலை வெட்டப்பட்டது, கைகளும் கால்களும் வெட்டப்பட்டு, உடல் கம்பத்தில் தொங்கவிடப்பட்டது. இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் அவருக்கு நாற்பத்தாறு வயது நிறைந்திருக்கும்.

செய்தி கடல் கடந்து லிஸ்பனை அடைந்தபோது, தாய் பெயாத்ரிஸ் துக்க உடை அணியாமல், விழாக்கோல உடையணிந்து நன்றி வழிபாட்டுக்கு வந்தார் என்று வரலாறு கூறுகிறது. மகன் புறப்பட்டபோது தூதர் வாசல்வரை சென்று தடுத்த அதே தாய்! அந்த உடையை அணிந்துகொண்ட காலையில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, இதைப் படிக்கும் நம் அன்னையர் என்னைவிட நன்கு அறிவார்கள்.

1853இல் ஒன்பதாம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1947 சூன் 22ஆம் நாள், நம் நாடு விடுதலை பெற எட்டு வாரங்களுக்குக் குறைவான நாட்களே இருந்தபோது, பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார். ஓரியூரின் மண் செந்நிறமாக இருப்பது அவர் சிந்திய இரத்தத்தால் என்று மக்கள் நம்புகின்றனர். சாதி, சமய வேறுபாடின்றித் திருப்பயணிகள் அங்கு வந்து, அம்மண்ணை எடுத்துச் செல்கின்றனர்.

இனி அந்தத் தேதியின் இன்னொரு வியப்பு. அருளானந்தர் இறந்து 54 ஆண்டுகள் கழித்து, 1747இல், அதே பிப்ரவரி 4ஆம் நாள், அதே இயேசு சபையின், அதே மதுரைப் பணியைச் சேர்ந்த ஒரு முதியவர், அருளானந்தர் மலை கடக்குமுன் தங்கிய அதே அம்பலக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். அவர்தாம் 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடியவரும், சதுரகராதி தொகுத்தவருமான வீரமாமுனிவர். அவர் காலத்துக்கு முன் தமிழில் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் புள்ளிதான் வேற்றுமை. ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்பதால் அதையும் பெரும்பாலோர் விட்டுவிடுவர். நெடிலுக்கு இரட்டைக் கொம்பும் சுழியும் தந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் அவர். ஓரியூர் என்னும் பெயரின் முதல் எழுத்தை இன்று நாம் ஐயமின்றிப் படிப்பது அந்தச் சுழியால்தான்.