ஒரே ஓவியத்துக்கு 20 வருஷம்... வாங்கிக்கொள்கிறோம் என்ற தகவல் வந்தபோது ஓவியர் உயிரோடு இல்லை! யார் இந்த இவானோவ்?

மாஸ்கோவின் திரெத்தியகோவ் கலைக்கூடத்துக்குப் போனால், ஒரு ஓவியத்துக்காகவே கட்டிய அரங்கம் ஒன்று இருக்கு. ஓவியத்தின் உயரம் கிட்டத்தட்ட 18 அடி, அகலம் 25 அடி. 'மக்கள் முன் தோன்றும் கிறிஸ்து' என்பது பெயர். வரைந்தவர் அலெக்சாண்டர் இவானோவ். 1837-ல் ஆரம்பித்து 1857-ல் தான் தூரிகையைக் கீழே வைத்தார்.

1806-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர் இவர். அப்பாவும் ஓவியர், கலைக் கல்லூரிப் பேராசிரியர். 1830-ல் உதவித்தொகை கிடைத்து இத்தாலிக்குப் படிக்கப் போனார். படிப்பு சில வருஷம்தான். ஆனா அவர் ஊர் திரும்பியது 28 வருஷம் கழித்து!

அப்படி என்ன வரைந்தார்?

இயேசு ஓவியம்னா நடுவில், பெரிதாக அவர்தானே இருப்பார்? இதில் அப்படி இல்லை. தூரத்தில், சின்ன உருவமாக, தனியே நடந்து வருகிறார். நடுவில் நிற்பது யோவான் ஸ்நானகன். அதோ வருகிறார் என்று அவர் கைநீட்டிக் காட்ட, யோர்தான் ஆற்றங்கரையில் கூடியிருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த ஒரு நொடியில் அவர்கள் முகத்தில் என்ன ஓடுகிறது என்பதுதான் ஓவியமே. ஒருவருக்கு ஆசை, ஒருவருக்குச் சந்தேகம், சிலருக்கு வெறுப்பு. கழுத்தில் கயிறோடு உட்கார்ந்திருக்கும் ஓர் அடிமையின் முகத்தில் மட்டும் மெல்ல ஒரு சிரிப்பு அரும்புகிறது.  கூட்டத்தில் இயேசுவுக்கு மிக அருகில் நிற்பவருக்கு, நண்பர் கோகோலின் சாயல். ஆமா, எழுத்தாளர் கோகோல்தான்!

இதற்காக அவர் போட்ட முன்னோட்டப் படங்கள் மட்டும் 600-க்கு மேல். பாலஸ்தீனத்துக்கே போய் வரைய ஆசைப்பட்டார், பணம் கிடைக்கவில்லை. ரோமைச் சுற்றியிருந்த பாறைகளையும் மரங்களையும் வெயிலில் உட்கார்ந்து வரைந்தார். யூதர்களின் ஜெப ஆலயங்களுக்குப் போய் முகங்களைக் கவனித்தார். கையில் காசில்லாமல், உதவி கேட்டு ரஷ்யாவுக்குக் கடிதம் எழுதுவதே வாடிக்கையானது. 1845-ல் மன்னர் முதலாம் நிக்கோலஸே அவரது ஓவியக்கூடத்துக்கு வந்து பார்த்தார். அப்போதும் ஓவியம் முடியவில்லை.

தாமதத்துக்குக் காரணம் பணம் மட்டுமில்லை. இயேசுவின் வாழ்க்கையை வரலாறாக ஆராய்ந்த ஜெர்மன் அறிஞர் ஸ்ட்ராஸின் புத்தகத்தைப் படித்த இவானோவுக்கு, பழைய நம்பிக்கையே ஆட்டம் கண்டது. எந்த நம்பிக்கையில் ஓவியத்தைத் தொடங்கினாரோ, அது முன்பு போல இல்லை. பெரிய ஓவியத்தை ஓரமாக வைத்துவிட்டு, இயேசுவின் வாழ்க்கையைச் சின்னச் சின்ன நீர்வண்ணப் படங்களாக வரைய ஆரம்பித்தார். ஒரு கட்டடத்தின் சுவர் முழுக்க அவற்றைப் பெரிதாகத் தீட்டணும் என்பது கனவு. நடக்கவில்லை.

கடைசி வாரங்கள்

1858 மே மாதம் ஓவியத்தோடு பீட்டர்ஸ்பர்க் வந்தார். எதிர்பார்த்த வரவேற்பு இல்லை. அரண்மனை வாங்குமா, என்ன விலை என்று தெரியாமல் அதிகாரிகளிடம் நடையாய் நடந்தார். ஜூலையில் காலரா தாக்கி இறந்தார். வயது 51. ஓவியத்தை 15,000 ரூபிளுக்கு மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் வாங்குகிறார் என்ற தகவல், அவர் இறந்து சில மணி நேரம் கழித்தே வீட்டுக்கு வந்தது.

சுவருக்குப் போகாத நீர்வண்ணப் படங்கள் தம்பி செர்கேயிடம் போயின. தம்பியும் இறந்த பிறகு, 1879-ல் தொடங்கி அவை பெர்லினில் அச்சாகி வெளிவந்தன.